பாலுக்குப் போகும் பிள்ளைகள்

மந்தைவெளி, சென்னை-28
23-4-1974

அன்புள்ள அனந்தராமனுக்கு,

சண்முகவேல் எழுதுவது. டெல்லியிலிருந்து நீ போட்ட கடிதம் பங்குனியிலேயே கிடைத்தது. பதில் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். எழுதி எழுதிக் கிழித்தேன். எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்பதில் எனக்குத் தெளிவில்லை. ஆகவே இம்முறை ஆபீஸ் வழக்கப்படி வரிசையைப் போட்டுக்கொண்டு தொடங்குகிறேன். சிரிக்காதே.

1. என் உடம்பு.
2. கால்வாய்க்கரைப் பால்வாடி மூடப்பட்ட விவரம்.
3. டெல்லி அம்மாள் பார்வையிட வந்த அன்று நான் மொழிபெயர்த்த ஒரு சொல்.
4. கன்னியம்மாளின் மகள் பவானி.
5. உன்னிடம் கேட்க நினைப்பது. (இதில் அவசரமும் இல்லை, வற்புறுத்தலும் இல்லை. உன் சௌகரியம்போல் பார்த்தால் போதும்.)

முதலாவது. உடம்பு பரவாயில்லை. இடது கண்ணில் புரை. இன்னும் முற்றட்டும், பிறகு எடுக்கலாம் என்கிறார் டாக்டர். மகன் ஆதம்பாக்கத்தில் வீடு கட்டிக் குடிபோய்விட்டான். கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கிறது, வந்துவிடுங்கள் என்று ஞாயிறுதோறும் வந்து கூப்பிடுகிறான். பால்வாடி விஷயம் முடியாமல் நகர மாட்டேன் என்கிறேன். அவனுக்கு என் மேல் வருத்தம். உன் பேத்தி அரங்கேற்றம் பற்றி எழுதியிருந்தாய். சந்தோஷம். முதலாவது இவ்வளவுதான்.

இரண்டாவது. நான் ஓய்வு பெற்ற பிறகு ஏதோ ஒரு பால்வாடிக் கமிட்டிக்குச் செயலாளராக இருக்கிறேன் என்று முன்பு எழுதியது உனக்கு நினைவிருக்கலாம். நான் விரும்பி ஏற்ற பதவி அல்ல. இங்கிலீஷில் மனு எழுதத் தெரிந்தவர் வேண்டும் என்றார்கள். மறுத்துப் பேச எனக்கு வராது. கால்வாய்க்கரைக் குடிசைகளில் இருக்கும் பெண்களில் பெரும்பாலோர் தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் வீட்டு வேலை செய்கிறவர்கள். விடியும் முன்னே போனால் பிற்பகல் சாய்ந்துதான் திரும்புவார்கள். கார்ப்பரேஷன் பள்ளியில் ஐந்து வயது முடியாமல் சேர்க்க மாட்டார்கள். அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குத்தான் நம் பால்வாடி. ஓட்டுக் கொட்டகை, ஒரு ஆசிரியை, ஒரு ஆயா. கொட்டகை வாடகையும் ஆசிரியை சம்பளமும் டெல்லி வாரியத்தின் மானியத்தில் நடந்தன. பால் பவுடர் வேறு வழியாக வரும். இந்த இரண்டும் வேறு வேறு என்பதை நீ மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், எல்லாச் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

ஆசிரியை ஹாஜிரா பீ. நடுவயது. கணவருக்குக் காசநோய். நான் முதல் நாள் போனபோது அவர் பிள்ளைகளைப் பழைய பஸ் டிக்கெட்டுகளுக்கு முன்னால் உட்கார்த்தி வைத்திருந்தார். பச்சை ஒரு பக்கம், ரோஸ் ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம் என்று அவை பிரித்துக்கொண்டிருந்தன. தரையைக் குப்பையாக்குகிறார்களே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. நம் இருவருக்கும் அந்த வயதில் யாரும் எதையும் பிரிக்கச் சொல்லவில்லை. மறு வாரம் போனபோது அதே பிள்ளைகள் டிக்கெட்டைப் பார்த்து எண் சொல்லிக்கொண்டிருந்தன. ஒரு சிறுமி என் கையைப் பிடித்து உட்கார வைத்து, "தாத்தா, உனுக்கு இன்னா நம்பரு பஸ்ஸு வோணும்?" என்று கேட்டாள். அவள்தான் பவானி. அவளைப் பற்றி நான்காவதில் வருகிறேன்.

பிப்ரவரியோடு மானியம் நின்றது. ஹாஜிரா பீ சம்பளமில்லாமலே சில நாள் வந்தார். பிறகு ஒருநாள் சாவியை என் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். தியாகராய நகரில் ஆயத்த ஆடை தைக்கும் இடத்தில் காஜா எடுக்கும் வேலை கிடைத்திருப்பதாகவும், அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமல்லவா என்றும் சொன்னார். சாவியை வாங்கி வைத்தேன். கொட்டகைக்காரர் இப்போது அதில் விறகு அடுக்கியிருக்கிறார்.

மூன்றாவது. இதைத்தான் கிழித்துக் கிழித்து எழுதினேன்.

ஜனவரியில் வாரியத்திலிருந்து ஒரு அம்மாள் பார்வையிட வந்தார். வடக்கத்தியவர், நல்லவர். செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். தாய்மாரிடம் பேச வேண்டும் என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. செக்ரடேரியட்டில் மொழிபெயர்த்தே தலை நரைத்தவன் நான் இருக்கும்போது வேறு யாரைத் தேடுவார்கள்? நான் நடுவில் நின்றேன்.

பிள்ளையை எதற்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். கன்னியம்மாள்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னாள். "பெர்சு இஸ்கூலுக்குப் போவுது. சின்னது பாலுக்குப் போவுது" என்றாள். மற்றப் பெண்களும் ஆமாம், பாலுக்குத்தான், பாலுக்குத்தான் என்று தலையாட்டினார்கள். பெரியவள் பள்ளிக்கூடம் போகிறாள், சின்னவள் பால் குடிக்கப் போகிறாள் என்று நான் இங்கிலீஷில் சொன்னேன். சொல்லுக்குச் சொல் சரியாகச் சொன்னதாக எனக்குத் திருப்திகூட இருந்தது.

அந்த அம்மாள் முகம் மலர்ந்து, "பாலா? பால் என்றா சொல்கிறார்கள்?" என்று கேட்டார். அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்குக் குழந்தை என்று பொருள். பால்வாடி என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதானே. நான் பணிவாகத் திருத்தினேன். இல்லை அம்மா, தமிழில் பால் என்றால் குடிக்கிற பால், இவர்கள் அதைத்தான் சொல்கிறார்கள் என்றேன். அவர் முகம் வாடியது. ஏதோ எழுதிக்கொண்டார். போகும்போது பார்வைக் குறிப்பில் மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கினார். போட்டேன்.

அவர் அறிக்கையின் சாரத்தை பிப்ரவரியில் இங்குள்ள ஆபீசில் சொன்னார்கள். இது பால் வழங்கும் இடம். தாய்மாரே அப்படித்தான் கருதுகிறார்கள். கல்வி மானியத்துக்கு இங்கே தேவையில்லை. பாலைத் தெருவிலேயே ஊற்றிக் கொடுக்கலாம். அப்படியே இப்போது கால்வாயைக் கடக்கும் வாராவதி முனையில் காலையில் ஒருவர் தூக்கோடு வந்து ஊற்றிவிட்டுப் போகிறார். குடித்த பிள்ளைகள் அங்கேயே சிதறிப் போகின்றன. தாய்மார் மேல் எனக்கு உள்ளூரக் கோபம் இருந்தது. ஒரு வார்த்தை படிப்பு என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று நினைத்தேன்.

நான்காவதும் இதோடு சேர்ந்ததுதான். வரிசை போட்டும் பயனில்லை.

இந்த மாதத் தொடக்கத்தில் சாவி விஷயமாகக் கரைக்குப் போனேன். ஒரு குடிசைக்குள்ளிருந்து "தாத்தா" என்று குரல் வந்தது. குனிந்து பார்த்தேன். பவானி. அவள் கணுக்காலில் பழைய சேலைத் துண்டு கட்டி, மறு நுனி கயிற்றுக் கட்டிலின் காலில் முடிந்திருந்தது. பக்கத்தில் ஒரு தட்டு, சொம்பில் தண்ணீர். புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கும் லீவா தாத்தா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அனந்தராமா, அவிழ்த்துவிட்டால் அவள் ஓடுவது கால்வாய்க்கு. அவிழ்க்காமல் வரவும் எனக்குக் கால் எழவில்லை. வாசலில் உட்கார்ந்தேன். கன்னியம்மாள் வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அவள் வந்ததும், பெற்ற பிள்ளையை ஆட்டுக்குட்டி மாதிரிக் கட்டலாமா என்று கேட்டுவிட்டேன். நான் அப்படி யாரிடமும் பேசுகிறவன் இல்லை. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னா நைனா பண்றது? கூட இட்டுக்கினு போனா வூட்டுக்காரம்மா, பாத்திரம் தேய்க்க வந்தியா, புள்ள மேய்க்க வந்தியான்னு கேக்குது. பாலுக்குப் போய்க்கினு இருந்தப்ப நான் கட்டுனேனா?" என்றாள்.

பால்தான் இன்னும் வருகிறதே, வாராவதியில் ஊற்றுகிறார்களே என்றேன்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஐய, அது பவுடரு தண்ணி. நான் இன்னா சொல்றேன், நீ இன்னா சொல்றே! பாலு நைனா, பாலு! டீச்சரம்மா இருந்துச்சே, அந்தப் பாலு. பெர்சு இஸ்கூலுக்குப் போச்சு, இது பாலுக்குப் போச்சு" என்றாள்.

அன்றைக்குச் சொன்ன அதே வாக்கியம். அவர்கள் பால்வாடியைச் சுருக்கிப் பால் என்கிறார்கள். அந்தப் 'பா', 'பணம்' என்பதில் வருவதா, 'பஸ்' என்பதில் வருவதா என்று கேட்டுப் பிரிக்க முடியாமல் அந்தக் கரையில் ஒலிக்கிறது. நம் எழுத்திலோ இரண்டுக்கும் ஒன்றே. வேற்றுமை உருபும் என்னைக் கவிழ்த்தது. ஊருக்குப் போனான் என்றாலும் 'கு'தான், கூலிக்குப் போனான் என்றாலும் 'கு'தான். நான்காம் வேற்றுமையை எத்தனை பரீட்சையில் எழுதியிருப்போம்! எந்த இடத்துக்கு அனுப்புகிறாய் என்று அவள் புரிந்துகொண்டு இடத்தைச் சொன்னாள். எதன் பொருட்டு என்று நான் எடுத்துக்கொண்டேன். தமிழ் தெரியாத அந்த டெல்லி அம்மாள் காதில் சரியாகவே விழுந்தது. நான்தான் திருத்தினேன்.

மறுநாளே இங்குள்ள ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு என் கையெழுத்தைக் காட்டினார். ஜனவரியில் பால் என்றீர்கள், ஏப்ரலில் பள்ளிக்கூடம் என்கிறீர்கள், ஜூனில் காலேஜ் என்பீர்களா சார் என்றார். பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். மானியத்துக்காக வார்த்தையை மாற்றுகிறேன் என்று அவர் நினைக்கிறார். அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். டெல்லிக்கு நேரே எழுதியதற்கு, விஷயம் முடிந்துவிட்டது என்று அச்சடித்த பதில் வந்தது.

அது முதல் பகலில் பவானியின் குடிசை வாசலில் உட்காருகிறேன். கட்டை அவிழ்த்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொள்வேன். தாய் வரும் நேரத்துக்கு எழுந்து வருவேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் சிலர் வந்தார்கள். ஹாஜிரா பீ மாதிரி நடத்திப் பார்த்தேன். எனக்குப் பாட வராது. நான் கேள்வி கேட்டால் ஒன்று மண்ணைத் தின்கிறது, ஒன்று தண்ணீர்ப் பக்கம் ஓடுகிறது. பிடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. "தாத்தாவுக்குப் பாலு நடத்தத் தெர்ல" என்று பவானி எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். மற்றப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினேன். மற்றக் குடிசைகளில் எத்தனை கட்டில் கால்களில் முடிச்சு இருக்கிறது என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. எனக்குத் தைரியமில்லை.

கண் எரிகிறது. ஐந்தாவதை நாளைக்கு எழுதுகிறேன்.

25-4-1974

நேற்று எழுத முடியவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

நேற்றுக் காலை தியாகராய நகருக்குப் போனேன். அங்கே ஜவுளிக்கடை வைத்திருக்கும் தங்கவேல் நம் கமிட்டித் தலைவர். மானியம் திரும்பும்வரை ஹாஜிரா பீக்கு அவர் ஏதாவது கொடுக்க முடியுமா என்று கேட்கப் போனேன். இது எனக்கு மிகவும் கூச்சமான காரியம். கல்யாண சீசன். கடையில் நிற்க இடமில்லை. வெகுநேரம் காத்திருந்தேன். கடைசியில் கூப்பிட்டு, மோர் கொடுத்து, "சர்க்காரே இறக்கி விட்ட பிள்ளைய நான் இடுப்புல தூக்கினேன்னு வைங்க அண்ணாச்சி, நாளைக்கு மெட்ராஸ்ல இருக்கிற பிள்ளை பூராவும் என் கடை வாசல்ல நிக்கும்" என்றார். கணபதி ஹோமம் ஒன்று செய்து பாருங்களேன் என்றும் சொன்னார். கேலியா, நிஜமா என்று தெரியவில்லை. மோரைக் குடித்துவிட்டு வந்தேன்.

அன்று நான் கரையில் இல்லை. கன்னியம்மாளிடம் முந்தின நாளே சொல்லியிருந்தேன். அப்படியானால் கட்டிவிட்டுப் போகிறேன் என்றாள். சரி என்றேன்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே புகை. எதிர்க்கரையில் ஓலைக் குடிசைகள் பிடித்துக்கொண்டன. எங்கிருந்து பற்றியது என்று யாருக்கும் தெரியவில்லை. இந்த வெயிலுக்கு ஒரு பொறி போதும். காற்று நம் கரைப் பக்கம் திரும்பி, எரிகிற கீற்றுத் துண்டுகள் கால்வாயைத் தாண்டி வந்து விழுந்திருக்கின்றன. பவானி குடிசையின் கூரை ஓரம் பிடித்தது. குடை ரிப்பேர் செய்கிற பீர் முஹம்மது ஜுரமென்று வீட்டில் படுத்திருந்தாராம். மற்ற நாளாக இருந்தால் அவர் மயிலாப்பூர்த் தெருக்களில் சுற்றிக்கொண்டிருப்பார். குழந்தை அலறுவதைக் கேட்டு உள்ளே போயிருக்கிறார். முடிச்சு அவிழவில்லை. குடைத் துணி வெட்டும் கத்தியால் அறுத்துத் தூக்கி வந்திருக்கிறார். கூரையை மற்றவர்கள் பிடுங்கிக் கால்வாயில் தள்ளினார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது பவானி அவர் மடியில் இருந்தாள். காலில் சேலைத் துண்டு அறுந்து தொங்கியது. உடம்பில் காயமில்லை. அழவும் இல்லை. என்னைப் பார்த்தும் தாத்தா என்று சொல்லவில்லை. "இந்தப் புள்ளைக்கு ஆயுசு கெட்டி பாய்" என்று யாரோ சொன்னதற்கு, எனக்கு ஜுரம் வந்ததால் கெட்டி என்று அவர் பதில் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நான் குனிந்து அவள் கணுக்காலில் மிச்சமிருந்த துண்டை அவிழ்த்தேன்.

பிறகு கன்னியம்மாள் ஓடி வந்தாள். யாரோ போய்ச் சொல்ல, தியாகராய நகரிலிருந்து ஓட்டமாகவே வந்திருக்கிறாள். கையில் சாம்பலும் தேங்காய் நாரும் அப்படியே இருந்தன. வந்ததும் குழந்தையை முதுகில் ஓங்கி அடித்தாள். பிறகு அதன்மேல் விழுந்து அழுதாள். குழந்தையும் அப்போதுதான் அழுதது.

இன்று காலை போனேன். மேலே கூரைக்குப் பதில் சாக்கு விரித்திருக்கிறது. அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்ததற்கே வீட்டுக்கார அம்மாள் வேறு ஆள் பார்க்கப் போவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாராம். பவானியைக் கட்டிலில் உட்கார வைத்து, வேறொரு சேலைத் துண்டை எடுத்தாள். இம்முறை இழுத்தால் அவிழும்படி சுருக்கு முடிச்சுப் போட்டாள். அதைக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்தாள். நெருப்பைப் பார்த்தால் இதை இப்படி இழு, மற்ற நேரத்தில் தொடாதே என்றாள். குழந்தை தலையாட்டிற்று. "நீ இருப்பல்ல நைனா?" என்று கன்னியம்மாள் என்னைக் கேட்டாள். இருப்பேன் என்றேன். அந்த வாசலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். சிந்தியிருக்கும் மைக்கு மன்னிக்கவும். பவானி பேனாவைப் பிடித்து இழுத்தாள்.

ஐந்தாவது. வாரியத்தின் செயலாளர் முன்பு உன்னிடம் வேலை பார்த்தவர் என்று நீ ஒருமுறை சொல்லியிருக்கிறாய். அவர் மூலமாகவோ நேராகவோ பார்வையிட வந்த அந்த அம்மாளை நீ போய்ப் பார்க்க வேண்டும். கடிதம் வேண்டாம், கடிதத்துக்கு அச்சடித்த பதில்தான் வரும். அவர் காது சரி, மொழிபெயர்த்தவன் தவறு என்று சொல். அந்தப் பெண்கள் பாலைக் கேட்கவில்லை, ஹாஜிரா பீயைக் கேட்டார்கள் என்று சொல். நான் வார்த்தையை மாற்றுகிறேன் என்று அவர் சந்தேகப்பட்டால், அது நியாயமே. வேறு ஒரு மொழிபெயர்ப்பாளரை அனுப்பி, நான் இல்லாத இடத்தில் அதே கேள்வியை மறுபடி கேட்கட்டும். சண்முகவேலுக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது என்று என் பெயரைப் போட்டு எழுதிக்கொள்ளட்டும். நான் கையெழுத்துப் போடுகிறேன். மானியம் வந்தால் மறுநாளே வந்துவிடுவதாக ஹாஜிரா பீ சொல்லியிருக்கிறார். விறகை எடுக்கக் கொட்டகைக்காரரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

கத்திரி வெயில் இன்னும் தொடங்கவே இல்லை. கண் ஆபரேஷனுக்கு என்னைப் படுக்க வைத்தால் இந்த வாசலில் உட்கார ஆள் இல்லை.

உன் வீட்டார் அனைவருக்கும், முக்கியமாக உன் பேத்திக்கு, என் ஆசிகள். கயிலையில் இருப்பவன் உங்கள் குடும்பத்துக்கு ஒரு குறையும் வைக்காதிருக்கட்டும்.

எழுதியதை முதலிலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். ஐந்தாவதில் அவசரமும் இல்லை, வற்புறுத்தலும் இல்லை என்று போட்டிருக்கிறேன். யாரிடம் எதைக் கேட்டாலும் அப்படி எழுதியே எனக்குப் பழகிவிட்டது. அது தவறு, அனந்தராமா. அவசரம். நான் வற்புறுத்துகிறேன்.

இப்படிக்கு,
சண்முகவேல்